அண்ணன் குரலில் விற்ற அரிசி

என் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அவற்றை உடைத்தவர் என் அண்ணன். அந்த அடியின் சத்தம்தான் என் அரிசியை விற்றுக் கொடுத்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நானே அதைக் கொஞ்ச காலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வது பெருமைக்காக அல்ல.

எங்களுக்குப் புதுவயலில் ஒரு அரிசி ஆலை. ஊரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு ஆலை வாசலில்தான் விழ வேண்டும், அத்தனை ஆலைகள். எங்களுடையது அதில் நடுத்தரம். அப்பா கட்டியது. அப்பா கோபக்காரர் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. அவர் அடிக்கிற மனிதர். லாரிக்காரனை அடிப்பார், மூட்டை தூக்குகிறவனை அடிப்பார், எங்கள் அம்மாவை அடிப்பார். நானும் அண்ணனும் எதற்காவது சண்டை போட்டுக்கொண்டால் எங்கள் இருவரையும் நெல் காயும் களத்தின் நடுவில் நிறுத்தி, "அடிச்சுத் தீத்துக்கங்கடா" என்பார். முதலில் அழுகிறவன் தோற்றவன். தோற்றவனுக்கு மிஷின் பெல்ட்டால் தனியாக இரண்டு விழும். அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அதனால் பெல்ட் எப்போதும் எனக்குத்தான்.

அப்பா போன பிறகு பாகம் பிரிக்க வேண்டி வந்தது. பங்காளிகள் கூடிப் பேசினார்கள். ஆலையை விற்றுப் பிரிக்கலாம் என்று நான் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. குலதெய்வக் கோயிலில் திருவுளச்சீட்டு போட்டார்கள். நெல் ஊறவைக்கும் தொட்டிகளும் அவிக்கிற பாய்லரும் ஒரு சீட்டு. காய வைக்கும் களமும் அரைக்கிற மிஷினும் இன்னொரு சீட்டு. பாய்லர் அண்ணனுக்கு விழுந்தது, களம் எனக்கு. இடையில் ஒரு சுவரும் அதில் ஒரு கதவும் வைத்தார்கள். என் நெல்லை அண்ணன் அவித்துத் தர வேண்டும், அவர் நெல்லை நான் காய வைத்து அரைத்துத் தர வேண்டும். வியாபாரம் மட்டும் அவரவர் பெயரில். "அப்பத்தானப்பா ரெண்டு பேரும் காலத்துக்கும் முகத்த முகம் பாத்துக்கிட்டு இருப்பீக" என்றார் ஒரு பெரியப்பா. நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் ஒருநாளாவது எங்கள் ஆலைக்கு வந்து நாங்கள் முகம் பார்த்துக்கொண்ட லட்சணத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முறை தவறி அவித்தால் ஊறின நெல் நாறிவிடும். நாறின நெல்லை என்ன செய்தாலும் அரிசியில் அந்த வாடை போகாது. என் நெல்லை அவர் வேண்டுமென்றே தாமதமாக அவிப்பார். அவர் நெல்லை நான் களத்தில் ஒரு வெயில் அதிகமாகக் காய விடுவேன், மிஷினில் போட்டதும் குருணையாக உடையும். இப்படி வாரத்துக்கு ஒரு சண்டை. வாய்ச் சண்டையில் தொடங்கும், சட்டை கிழிந்த பிறகுதான் முடியும். மூட்டை தூக்குகிறவர்கள் எங்களை விலக்கி விலக்கியே சலித்துப்போனார்கள். அதில் வயதான ஒருவர், "மொதலாளி, அடுத்த வாட்டி கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிருங்க, நாங்க டீ குடிச்சிட்டு வந்துர்றோம்" என்பார்.

அந்தச் சுவரில் இருந்த கதவை அடிக்காமல் திட்டாமல் தாண்டி வந்து போனது ஒரே ஒரு ஆள். அண்ணனின் மகள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. சென்னையில் இருக்கும் ஒரு விளம்பரக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பிறந்ததிலிருந்து பாதி நேரம் என் மனைவியின் இடுப்பில்தான் இருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் வாயில் ரத்தத்தோடு நிற்கும்போதுகூட இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பாள். முதலில் யாருக்குக் கொடுப்பது என்று அவள் ஒரு நொடி யோசிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் அரிசி நல்ல அரிசி. ஒரு வருடம் கிடந்த பழைய நெல்லை மட்டும்தான் அரைப்பேன், புதியதை ஒரு பிடிகூடக் கலக்க மாட்டேன். ஆனால் அதைக் கடைக்காரனிடம் எப்படிச் சொல்வது? எல்லா ஆலைக்காரனும் அதையேதான் சொல்கிறான். நோட்டீஸ் ஒட்டினேன், ஒரே வாரத்தில் அதன் மேல் கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிட்டார்கள். உள்ளூர் கேபிளில் விளம்பரம் கொடுத்தேன், அது வருகிற நேரத்தில் என் மனைவியே சேனலை மாற்றினாள். அண்ணன் புது அரிசியைப் பழையதோடு கலந்து விலை குறைத்து விற்றுக்கொண்டிருந்தார். கடைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் மகள்தான் சொன்னாள். "சித்தப்பா, ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிங்க."

"அப்படின்னா?"

"சும்மா பேசுறதுதான். போன்ல பேசிப் பதிவு பண்ணிப் போட்டா, வேணுங்கிறவுக வேணுங்கிறப்பக் கேட்டுக்குவாக. படம் வேணாம், மொகம் வேணாம். சமைக்கையில கேப்பாக, துணி மடிக்கையில கேப்பாக, லாரி ஓட்டையில கேப்பாக. நோட்டீஸ ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருவாக. இதுல அரைமணி நேரம் அவுக காது உங்ககிட்ட இருக்கும். அரைமணி நேரம் ஒருத்தர் பேச்சைக் கேட்டா அவர் தெரிஞ்சவராயிருவாரு. தெரிஞ்சவர்கிட்டதான வாங்குவாக?"

பதிவு செய்ய இடம் தேடினோம். வீட்டில் பேசினால் குரல் எதிரொலித்தது. களத்தில் காற்று இரைச்சல். கடைசியில் அவள் என் அரிசிக் குடோனுக்குள் போய், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த மூட்டைகளுக்கு நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தாள். சத்தம் அங்கேயே அடங்கியது. "சென்னையில இதுக்குத்தான் லட்சக்கணக்குல செலவழிக்கிறாக சித்தப்பா" என்றாள். இரண்டு மூட்டையை இழுத்துப் போட்டு நாற்காலியாக்கினோம். போனை ஒரு சிப்பத்தின், அதாவது கடைக்குப் போகிற சின்ன அரிசிப் பையின், மேல் சாய்த்து வைத்தோம். மூட்டைகள் வெளிச்சத்தத்தை உள்ளே விடாது, உள்ளே பேசியது ஒன்றுவிடாமல் பதியும்.

முதல் மூன்று பகுதிகளை யாரும் கேட்கவில்லை. நான் திருமண மேடையில் மைக் பிடித்தவன்போல "அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று ஆரம்பித்தேன். கேட்டவள் என் மனைவி, அவளும் பாதியில் தூங்கிவிட்டாள். "நீங்க எங்கப்பாவத் திட்டுற மாதிரி பேசுங்க சித்தப்பா, அப்பத்தான் உங்க பேச்சு நல்லா இருக்கும்" என்றாள் அண்ணன் மகள், சிரித்துக்கொண்டே. எனக்கும் அது சரியென்று பட்டது. அடுத்த பகுதியில் பழைய அரிசிக்குப் புது அரிசியின் அளவில் தண்ணீர் வைத்துவிட்டு ஆலைக்காரனைக் குறை சொல்கிறவர்களை ஒரு பிடி பிடித்தேன். சோற்றை வடிக்கத் தெரியாதவர்கள், குக்கரைக் கண்டுபிடித்தவன், ரேஷன் அரிசியை இட்லிக்கு ஊறப்போடுகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை.

பேச்சின் கடைசியில் நான் சொல்லும் நம்பருக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். எத்தனை டம்ளர் தண்ணீர் என்று கேட்டார், சொன்னேன். ஒரு சிப்பம் அனுப்பச் சொன்னார். பிறகு அவர் குடியிருக்கும் அடுக்கு மாடியில் பாதிப்பேர் கேட்டார்கள். எங்கள் லாரி டிரைவர்கள் கேரளா போகும் வழியெல்லாம் என் பேச்சை ஓட விட்டார்கள். இறக்குகிற கடையில் அதைக் கேட்டு இரண்டு கடைக்காரர்கள் நம்பர் வாங்கினார்கள். நான் பார்த்தேயிராத ஆட்கள் போனில் என்னை "அண்ணே" என்று கூப்பிட்டு, நேற்று இருமினீர்களே, மருந்து சாப்பிட்டீர்களா என்றார்கள். நோட்டீஸ் ஒட்டினவனை யார் அப்படிக் கேட்பார்கள்? அண்ணன் மகள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. அடிதடி இல்லாமலேயே அது வளர்ந்திருக்கும் என்பதைத்தான் நான் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அடுத்து, கலப்பட அரிசியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு பகுதி பேசினேன். ஒரு கை அரிசியைத் தனியாக வேக வையுங்கள், புதியது முதலில் குழைந்து போகும், பழையது நின்று வேகும், இரண்டும் கலந்திருந்தால் பாத்திரத்தில் பார்த்தாலே தெரியும் என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை. தேவகோட்டையில் ஒரு கடைக்காரர் அப்படி வேக வைத்துப் பார்த்திருக்கிறார், என் அண்ணனின் அரிசியை. ஒரு லாரி மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று நான் குடோனுக்குள் பதிவு செய்துகொண்டிருந்தேன். அண்ணன் பாய்லர் அடுப்பில் உமி கிளறும் இரும்புக் கம்பியோடு வந்தார். கம்பியின் நுனி இன்னும் சூடாக இருந்தது, மூட்டையில் பட்ட இடத்தில் சாக்கு கருகியது. "ஏண்டா, ஒரு பிடி புதுசு கலந்தா உலகம் அழிஞ்சிருமா? நீ மட்டும் ஒரு வருசம் கெடக்கப் போட்டு அரைக்கிற யோக்கியன், நான் களவாணியா? கலக்காம விக்கிற ஒத்த ஆளு நீதானடா இந்த ஊருல, அந்தத் திமிரா?" என்று கத்தினார். முதல் அடி என் தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு இடது கையைக் குறுக்கே நீட்டினேன். விரல்கள் போயின. நான் கீழே கிடந்த, அரிசி அளக்கும் இரும்புப் படியை எடுத்து அவர் வாயில் அடித்தேன். அவருடைய முன்பல் ஒன்று உடைந்து என் சட்டைக்குள் விழுந்தது. "மண்டையப் பொளந்துருவேன், மண்டையப் பொளந்துருவேன்" என்று ரத்தத்தோடு அவர் கத்திக்கொண்டே இருந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் நான்கு பேர் வந்துதான் எங்களைப் பிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு வந்து போனை எடுத்துப் பார்த்தால் எல்லாம் பதிவாகியிருந்தது. அண்ணன் மகள் அதைக் கேட்டாள். முகம் வெளுத்துப்போனது. "இதை வெட்டிருவோம் சித்தப்பா" என்றாள்.

நான் இரண்டாம் தடவை கேட்டேன். "கலக்காம விக்கிற ஒத்த ஆளு நீதானடா" என்று எதிராளியே சொல்கிறார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எத்தனை நோட்டீஸ் அடித்தாலும் இது கிடைக்குமா? "இருக்கட்டும்" என்றேன்.

"அது எங்கப்பா குரல் சித்தப்பா."

"பேரு எங்கயும் வரலயே."

அவள் எழுந்து கதவைத் தாண்டிப் போனாள். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "போடாதீக. கூடப் பொறந்தவர அம்பலத்துல விடாதீக" என்றாள். நல்ல கையால் நானே அதைப் போட்டேன். அதற்குள் எல்லாம் கற்றுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நடந்ததை வியாபாரம் என்று சொல்வதா, பைத்தியம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. அந்தப் பகுதி ஊர் ஊராகப் போனது. வாட்ஸப்பில் துண்டு துண்டாக வெட்டி அனுப்பிக்கொண்டார்கள். கடைக்காரர்கள் "அண்ணன் தம்பி அரிசி" வேண்டும் என்றே கேட்டார்கள். உண்மையைச் சொல்லி அடிவாங்கினவன் விற்கிற அரிசி என்று ஒருவர் எனக்கே விளக்கினார். என் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரு சிப்பமாவது சொன்னார்கள். நெல் போதவில்லை. மிஷின் இரண்டு வேளையும் ஓடியது.

அடுத்த பகுதியில் அரிசியைப் பற்றி மட்டும் பேசினேன். கேட்டவர்கள் குறைந்தார்கள். "அண்ணன் வரலையா?" என்று எழுதிக் கேட்டார்கள். எனக்குள் ஏதோ ஒன்று அங்கேயே கெட்டுப்போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் அண்ணனை வரவழைக்க ஆரம்பித்தேன். அவர் நெல்லைக் களத்தில் ஒருநாள் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனை ஓட விட்டு உட்கார்வேன். சுவருக்கு இந்தப்பக்கம் நின்று அவர் அரிசியைச் சத்தமாகக் கேலி செய்துவிட்டுக் குடோனுக்குள் போவேன். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்கும். ஒரு தடவை என் கழுத்தைப் பிடித்து மூட்டையோடு அழுத்தினார். மூச்சு முட்டி நான் திணறியது தெளிவாகப் பதிந்தது. இன்னொரு தடவை அவர் காதை நான் கடித்தேன். அவர் அலறிய அலறலைக் கேட்டுவிட்டு ஒருவர் ஐந்து சிப்பம் சொன்னார். நான் அதை என் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் அன்று எனக்குச் சோறு போடவில்லை.

அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். தம்பி ஏதோ ரேடியோவில் பேசுகிறான் என்ற அளவுக்குத்தான் தெரியும். என் பேச்சைக் கேட்பது அவருக்குக் கௌரவக் குறைவு. அவரிடம் போய்ச் சொல்லவும் ஊரில் யாருக்கும் தைரியம் இல்லை. சொன்னவன் மண்டையும் உடையும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் மகள் குடோனுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். ஒருநாள் காலையில் வந்தாள், உட்காரவில்லை. திருக்கோஷ்டியூர்ப் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது என்றாள். வாத்தியார் குடும்பம். பையனும் வாத்தியார். போனில் இரண்டு மூன்று முறை பேசியிருக்கிறார்கள். "எனக்கு அவரப் பிடிச்சிருக்கு சித்தப்பா. சத்தமே போடாமப் பேசுறாரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். எங்கள் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா?

"ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க வாராக. அதுக்குள்ள எங்கப்பா குரல் இருக்கிறத எல்லாம் எடுத்துருங்க. இந்த ஒண்ணுதான் உங்ககிட்டக் கேக்குறேன்."

"எடுத்துர்றேன்மா. அதுக்கென்ன" என்றேன்.

அன்று மாலை எடுக்கப் போனேன். திருநெல்வேலியிலிருந்து புதிதாக ஒரு மொத்தக் கடைக்காரர் அப்போதுதான் அந்தப் பகுதிகளைக் கேட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். அவர் ஆர்டர் வரட்டும், பிறகு எடுக்கலாம் என்று நினைத்தேன். பெயர்தான் எங்கேயும் இல்லையே என்று மறுபடியும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முகத்தைக் காட்டாமல் பேசினால் ஆள் தெரியாது என்று நினைத்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. போனில் இருமினால் மருந்து கேட்கிற அளவுக்கு என் குரல் ஊருக்குப் பழகியிருந்ததை மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. எதையும் எடுக்கவில்லை.

பெண்ணின் சித்தப்பா சபையில் இல்லை என்றால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள் என்று அண்ணனே என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நானும் மனைவியும் போனோம். அண்ணன் அன்று வேறு ஆளாக இருந்தார். உடைந்த பல்லுக்குப் பதில் புதுப்பல் வைத்திருந்தார். வாசலில் நின்று, "வாங்க வாங்க, இங்குட்டு உக்காருங்க, ஃபேன் காத்து வரும்" என்று குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசினார். அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மாப்பிள்ளைப் பையன் நல்ல பையனாகத்தான் தெரிந்தான். அண்ணன் மகள் காபி கொண்டுவந்து கொடுக்கும்போது இரண்டு பேரும் லேசாகச் சிரித்துக்கொண்டார்கள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பின்பக்கம் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மூட்டையைத் தவறவிட்டார்கள். அது தகரத்தின் மேல் விழுந்து பெரிய சத்தம். அண்ணன் தன்னை மறந்து திரும்பி, "அடேய், மண்டையப் பொளந்துருவேன்" என்று கத்தினார். மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு, அதுவரை ஓரமாக உட்கார்ந்து எல்லாருக்கும் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"நீங்கதான அரிசியப் பத்திப் பேசுறவுக?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் "இல்லையே" என்று சொல்லியிருக்கலாம். சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் எனக்குப் பெருமையில் உள்ளம் குளிர்ந்துவிட்டது. ஒரு வாத்தியார் வீட்டு அம்மா, வந்த இடத்தில், குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "ஆமாம்மா, நான்தான். கேப்பீகளா?" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

"வீட்டுல எல்லாரும் கேப்போம்" என்றார் அவர். கீழே வைத்த காபியை அவர் திரும்ப எடுக்கவில்லை. அண்ணன் மகள் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாக்குக் கொடுத்ததைச் செய்யவில்லை என்று அந்த ஒரு கேள்வியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்தவர்கள் மரியாதையாகப் பலகாரம் சாப்பிட்டார்கள், மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, சரிப்படாது என்று அண்ணனிடம் சொன்னார். ஏன் என்று அண்ணன் விடாமல் கேட்டிருக்கிறார். தரகர் முதலில் ஜாதகத்தைச் சொன்னார், பிறகு பயந்துபோய்த் தன் போனிலேயே ஓட விட்டுக் காட்டிவிட்டார். பெற்ற தகப்பன் இப்படி என்றால் பெண் எப்படி இருப்பாளோ என்று அந்த அம்மா சொன்னதையும் சொல்லிவிட்டார். அண்ணன் தன் குரல் இருந்த எல்லாப் பகுதிகளையும் முழுதாக உட்கார்ந்து கேட்டாராம்.

நான் குடோனில் இருந்தேன். கதவு சுவரில் மோதித் திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் நெருங்கியது. என் கை என்ன செய்தது தெரியுமா? ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போடவில்லை. சிப்பத்தின் மேல் இருந்த போனை எடுத்துப் பதிவை ஓட விட்டுச் சாய்த்து வைத்தது. பழக்கம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் அதே இரும்புக் கம்பியால் அடித்தார். முதல் அடி மண்டையில். கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையானது. இரண்டாவது அடி விலாவில், மூன்றாவது முழங்காலில். நான் விழுந்தபடியே கையை நீட்டி, மூட்டை தூக்கும் கொக்கி ஒன்று கிடந்ததை எடுத்து வீசினேன். அது அவர் முன்கையில் ஏறி, சதையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ரத்தம் மூட்டைகளில் தெறித்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மார்பின் மேல் முழங்காலை ஊன்றிக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கினார். இன்றோடு தீர்ந்தோம் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தில் சிறுநீர் போய்விட்டது.

அடி விழவில்லை. அவர் போனைப் பார்த்துவிட்டார். அதில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஓடுதா?" என்று கேட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. "இப்ப அவுகளுக்குக் கேக்குதா?"

என் வாயில் ரத்தம், பேச்சு வரவில்லை. அவர் என்னை விட்டு எழுந்தார். கம்பியை மெதுவாக, சத்தம் வராமல், மூட்டையின் மேல் வைத்தார். கிழிந்த கையை வேட்டியில் சுற்றிக்கொண்டார். போனுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். இரண்டு மூன்று முறை கனைத்துப் பார்த்தார். அவர் அதை ரேடியோ என்றே நினைத்திருந்தார். திருக்கோஷ்டியூர்ப் பக்கம் அந்த வீட்டில் எல்லாரும் அந்த நிமிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

"அம்மா, நான் பொண்ணோட அப்பன் பேசுறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பேசிய அதே தாழ்ந்த குரலில். "நான் கோவக்காரன்தேன். எங்கப்பன் எங்கள அப்பிடித்தேன் வளத்தாரு. தப்புத்தேன். அரிசியில கலந்ததும் நாந்தேன், இனிமே கலக்க மாட்டேன். ஆனா எம்மக அப்பிடி இல்லம்மா. அவ ஒரு நாளும் ஒருத்தரயும் ஒரு சொல்லு சொன்னதில்ல. நாங்க அடிச்சுக்கிறப்ப தண்ணி கொண்டாந்து குடுப்பா. ரெண்டு பேருக்குமே குடுப்பாம்மா. நீங்க கல்யாணத்துக்கு என்னய வர வேணாம்னு சொன்னாலும் சரி, நான் வரல. தம்பி வேணுமின்னா நின்னு நடத்தட்டும். உங்க வீட்டுக்கு நான் வாசல் கூட மிதிக்க மாட்டேன். அவளுக்கு உங்க மகன ரொம்பப் பிடிச்சிருக்கும்மா."

நான் கீழே கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது வருடமாக என்னை அடித்த மனிதர். சிறு வயதில் களத்தில் அவர் அழ வேண்டும் என்று எத்தனை முறை வேண்டியிருப்பேன். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். இது இப்போது யாருக்கும் கேட்காது அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லாததற்கு வாயில் ரத்தம் இருந்தது மட்டும் காரணமில்லை.

அண்ணன் மகள் வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் கையில் தண்ணீர் எதுவும் இல்லை. உள்ளே வந்து, என்னைத் தாண்டிப் போய், போனை எடுத்துப் பதிவை நிறுத்தினாள். பிறகு அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் ஊறின வேட்டித் துணியை அவர் கையில் இறுக்கிக் கட்டினாள்.

"அப்பா, இத இப்ப யாரும் கேக்கல. எந்திரிங்க, கட்டுப்போடப் போவோம்" என்றாள்.

அவர் பிள்ளைபோல எழுந்தார். அவள் தோளில் கைவைத்து நடந்தார். கதவைத் தாண்டும்போது அவர் நின்று, "அப்ப அவுக எப்பத்தான் கேப்பாக?" என்று அவளிடம் கேட்டது எனக்குக் கேட்டது. அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.